மொரப்பூர்க்காரம்மா சொன்ன சாட்சி

மேல்தாடையில் பாதியை அறுத்து எடுத்துவிட்ட ஒருவர் 'முடியாது' என்று சொன்னால் அது 'முணியாநு' என்றுதான் வெளியே வரும். அண்ணம் இருந்த இடத்தில் ஓட்டை. வாய்க்குள் அடைபட்டு வெடிக்க வேண்டிய காற்றெல்லாம் அந்த வழியாக மூக்குக்கு ஏறிவிடும். க, ச, ட, த, ப எல்லாம் அழிந்துபோய் ங, ஞ, ண, ந, ம மட்டும் மிஞ்சும். பாப்பா மாம்மா ஆகும், தாத்தா நாந்நா ஆகும். தாடை இழந்தவர்களுக்குச் செயற்கைத் தாடை பொருத்துவதுதான் என் வேலை என்பதால், பல வருடப் பழக்கத்தில் இந்தப் பேச்சு எனக்கு இன்னொரு வட்டார வழக்கு மாதிரி புரிந்துவிடும். கூட வந்தவர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே நான் பதில் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் ஒருநாள் காலை என்னை அறையைவிட்டு வெளியே இழுத்தது.

தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் வராந்தா பெஞ்சில் அன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் நோயாளி. ஐம்பதை நெருங்கும் வயது, ஒட்டிய தேகம், கல் உடைத்துக் காய்த்துப்போன கைகள். எங்கள் பிரிவில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்ததால் அவரை எல்லோரும் மொரப்பூர்க்காரம்மா என்றே கூப்பிட்டோம். அவருக்கு இடது பக்கம் அவருடைய தம்பியின் மனைவி. கணவனை இழந்தவர், எப்போதும் துணைக்கு வருபவர், மொரப்பூர்க்காரம்மாவின் பேச்சை மற்றவர்களுக்குச் சொல்பவர். வலது பக்கம் நான் அதுவரை பார்த்திராத ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கையில் ஒரு காகிதம். நிதானமாக, ஒரு வீட்டு மனிதரைப் போல அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வெடி வெச்சப்ப நீ அந்தப் பக்கமே இல்ல, எதையும் பாக்கலன்னு இருக்குது. அவ்ளோதான். ரேகை வெச்சிட்டீன்னா ராசியாப் போயிரலாம். ஒடம்பு இப்பிடி ஆயிப்போச்சு, இனி எதுக்கு கோர்ட்டு கீர்ட்டுன்னு அலையணும்?"

'முணியாநு' என்றார் மொரப்பூர்க்காரம்மா. மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை கையையும் ஆட்டிச் சொன்னார்.

"என்ன சொல்லுது?" என்று அந்த மனிதர் கேட்டார்.

தம்பி மனைவி தரையைப் பார்த்தபடி, "செரிங்கறாங்க" என்றார்.

அந்த மனிதர் மைப்பெட்டியைத் திறந்து, மொரப்பூர்க்காரம்மாவின் இடது கையைப் பிடித்தார். நான் எழுந்து வெளியே போனேன். "அவங்க செரின்னு சொல்லலீங்க. முடியாதுன்னு சொல்றாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூடவே இருக்கற பொண்ணு சொல்லுதுங்க மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "இந்தப் பேச்சைக் கேக்கறதுதாங்க என் வேலை. கையை விடுங்க" என்றேன். அவர் கையை விட்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பாட்டிலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, படியிறங்கும்போது தம்பி மனைவியிடம், எங்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்: "இந்த வாய வெச்சுக்கிட்டு இது கோர்ட்ல என்னத்தப் பேசிக் கிழிக்கப் போவுது."

அவர்தான் குவாரி மேஸ்திரி, அந்த வெடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. மொரப்பூர்க்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்களில் நன்றி எதுவும் இல்லை. குனிந்து, என் காதோரமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கே இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் பிடிபட்டது. "எனக்குச் சோறு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பேச்சு குடுங்க."

அதற்குப் பிந்தைய வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதை தெரியவந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் ஒரே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயதுகூட ஆகாத தம்பியை அவர்தான் வளர்த்தார். மொரப்பூருக்குத் தள்ளி ஒரு கல்குவாரியில் ஜல்லி உடைத்தார். தம்பியும் வளர்ந்து அதே குவாரியில் குழிக்குள் இறங்கிப் பாறையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள். குவாரிக்காரர்கள் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அக்கா மட்டும் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

வெடி வைப்பதற்கு முன்னால் மூன்று முறை சங்கு ஊத வேண்டும். ஊதினால் குழிக்குள் இருப்பவர்கள் மேலே ஏறி ஒதுங்கிவிடுவார்கள். அன்றைக்கு வெடி வைக்க உரிமம் உள்ள ஆள் வரவில்லை. மேஸ்திரியே வெடியை வைத்து ஒயரை மேலே இழுத்து வைத்தார். எல்லோரும் மேலே ஏறிய பின், தம்பி விட்டுவிட்டு வந்த துளைக்கம்பியை எடுக்க மறுபடியும் குழிக்குள் இறங்கினான். அக்கா மேட்டில் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதவில்லை. மேஸ்திரி தோள் துண்டை எடுத்து உயர்த்தியதைப் பார்த்ததும் அக்கா கத்தினார். "ஆளு இருக்குது, நிறுத்து" என்று இரண்டு முறை. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு துண்டைக் கீழே இறக்கினார். ஒயரின் மறுமுனையில் இருந்தவனுக்கு அதுதான் சைகை.

தம்பி செத்ததற்குப் போலீஸ் வழக்குப் பதிந்தது. மேஸ்திரி ஜாமீனில் வந்து வேறொரு குவாரியில் சேர்ந்தார். சங்கு ஊதியதாகவும், யாரும் கத்தியது தன் காதில் விழவில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக, தாங்கள் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று ஒதுங்கினார்கள். மிஞ்சியது அக்கா ஒருவர்தான். இப்படி இருக்கும்போதுதான் அவருடைய மேல் ஈறில் ஆறாத புண் ஒன்று வந்தது. பசி தெரியாமல் இருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொண்டே கல் உடைத்தவர். பரிசோதனையில் புற்று என்று வந்தது. அறுவைச் சிகிச்சையில் இடது பக்க மேல்தாடை, அந்தப் பக்கத்துப் பற்கள், அண்ணத்தில் பெரும் பகுதி எல்லாம் போயின. ஓட்டையை அடைக்க, புண் ஆறும்வரை போட்டுக்கொள்ள ஒரு தற்காலிகத் தட்டு கொடுத்திருந்தோம். அது ஆடும். தண்ணீர் குடித்தால் மூக்கால் வரும். ஒரு களி உருண்டையை விழுங்கப் பார்த்து, அது மேலே ஏறி அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறிப் போனதிலிருந்து அவர் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பேச்சு கோர்ட்டில் யாருக்குப் புரியும் என்று வழக்கை நடத்திய அரசு வக்கீல் கவலைப்பட்டாராம். அதில் அர்த்தம் இருந்தது. மொரப்பூர்க்காரம்மாவுக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்ல முடியாத சாட்சியென்றால், அவர் பேச்சு புரிந்த ஒருவர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவரை அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர்தான், தம்பி மனைவி. வராந்தா பெஞ்சில் 'முடியாது' என்பதைச் 'சரி' என்று மாற்றிச் சொன்னவர்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க நான் முயலவில்லை. அடுத்த முறை வந்தபோது, "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று நேராகவே கேட்டேன். அவர் அழுதார். "லைன் வூட்ட காலி பண்ணச் சொல்லிருவாங்கங்க. ராசி ஆனா அங்கயே இருந்துக்கலாம், சமையல் வேலையும் போட்டுத் தரேன்னு மேஸ்திரி சொன்னாரு. ரெண்டு பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்?" என்றார். மொரப்பூர்க்காரம்மா நாற்காலியில் சாய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அந்த வாரமே தம்பி மனைவியையும் குழந்தைகளையும் தன்னுடைய ஓட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்து நெகிழ்ந்தேன். நான் அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மன்னிக்கலீங்க. எங்கூடவே இருக்கட்டும். நான் பேசப் பழகறத ஒவ்வொரு நாளும் உக்காந்து கேக்கட்டும்." சொன்னபடியே ஒரு நாள்கூட விடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் சேலத்துக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். அது முடிந்து வந்தபோது வாய் இறுகிப்போயிருந்தது. ஒரு விரல்தான் நுழைந்தது. அச்சு எடுக்கும் கரண்டி உள்ளே போனால்தான் நிரந்தரத் தட்டு செய்ய முடியும். அதற்குக் குறைந்தது இரண்டரை விரல் அளவாவது வாய் திறக்க வேண்டும். இதற்கு நாங்கள் சொல்லும் பயிற்சி மிக எளியது, மிகவும் வலிப்பது. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவில் செருகி, கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். முடிந்தபோது இன்னொரு குச்சி சேர்க்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவார்கள். கண்ணீர் தானாக வழியும் வலி அது.

அவர் விடவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு குச்சி கூடியிருந்தது. ஒருநாள் உதட்டோரம் கிழிந்து ரத்தம் உறைந்திருப்பதைப் பார்த்து நான் அவரைக் கடிந்துகொண்டேன். கொஞ்சம் மெதுவாகப் போகலாம், கோபத்தை மனதில் வைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் கெடும், உடம்பு தேறாது என்றெல்லாம் சொன்னேன். எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதுதான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கோவம் இருக்கறதாலதாங்க குச்சி ஏறுது" என்றார்.

அதன் பின்பு நான் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. இதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் பாடப் புத்தகங்களில் மறுவாழ்வு என்ற தலைப்பின் கீழ் மெல்லுதல், விழுங்குதல், பேசுதல், முகத் தோற்றம் என்று எல்லாம் இருக்கும். நோயாளிக்குத் தெம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டால், குடும்பத்தின் அன்பு, நம்பிக்கை, கடவுள் பக்தி என்று எழுதியிருப்பார்கள். பழிவாங்கும் ஆசை என்று யாரும் எழுதியதில்லை. ஆனால் என் அனுபவத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவ்வளவு வலியைச் சத்தமில்லாமல் தாங்கியவர் அவர் ஒருவர்தான். அன்பால் எழுந்து உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து உட்கார்ந்தது வேறொன்றால். அது எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேஸ்திரியின் 'இது என்னத்தப் பேசிக் கிழிக்கப் போவுது' என்ற குரல், அச்சு வார்க்கும்போதும் மெழுகு செதுக்கும்போதும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நல்ல தட்டுகள் செய்திருக்கிறேன். பகையோடு செய்த தட்டு அது ஒன்றுதான்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது. நாள் கடத்தினால் இந்தச் சாட்சி தானாகவே இல்லாமல் போய்விடும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு வாய்தாவும் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டரை விரல் வாய் திறந்த அன்று அச்சு எடுத்தேன். வலது பக்கம் மிஞ்சிய பற்களில் கொக்கி போட்டு நிற்கும் தட்டு. இடது பக்கம் செயற்கைப் பற்கள். அவற்றுக்கு மேலே ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும் குமிழ். கனம் தெரியாமல் இருக்க அதை உள்ளே கூடாகச் செய்வோம். அந்தக் குமிழின் வடிவத்தில்தான் பேச்சு முழுதும் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் காற்று மூக்கில் ஏறும், கொஞ்சம் கூடினால் மூக்கடைத்தவர் போலப் பேசுவார். மென்மையான மெழுகைக் குமிழின் மேல் தடவி, வாயில் பொருத்தி, பேசவைத்து, எங்கே அழுந்துகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வோம். அப்போது சொல்லச் சொல்வது பாப்பா, தாத்தா, காக்கா, டாட்டா.

அவர் இரண்டு முறை சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். "இதெல்லாம் எனக்கு எதுக்குங்க? எனக்கு வேண்டியதச் சொல்றேன், அதுக்குச் செஞ்சு குடுங்க" என்றார். அப்படித்தான் செய்தோம். 'தம்பி' என்ற சொல்லுக்காகக் குமிழின் முன்பக்கத்தைத் திருத்தினேன். 'குழி' என்பதற்காகப் பின்பக்கத்தை. 'சங்கு ஊதல' என்பது மிகவும் படுத்தியது. 'ஞங்ஙு ஊநல' என்றே பல நாள் வந்தது. 'துண்ட எறக்கினான்' என்பது ஒருநாள் சட்டென்று தெளிவாக வந்தபோது அவர் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என்னா சொன்னேன், சொல்லு" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்று, "துண்ட எறக்கினான்னு சொன்னீங்க அண்ணி" என்றார். "ஆங். அத மாத்தாத" என்றார் மொரப்பூர்க்காரம்மா. கூண்டில் ஏறியதும் என்ன உறுதிமொழி சொல்லச் சொல்வார்கள் என்று அரசு வக்கீலிடம் கேட்டு வந்து, அதையும் பழகினோம். 'கடவுள்' என்பதில் க-வும் ட-வும் இருக்கின்றன என்று அலுத்துக்கொண்டேன்.

புதுத் தட்டைப் போட்டுக்கொண்டு அவர் முதல் முதலாக ஒரு டம்ளர் தண்ணீரை முழுதும் குடித்தார். மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை. அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். ரேகை வைக்க மறுத்த அடுத்த வாரம், அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாராம். எதிரே டீக்கடையில் மேஸ்திரி. துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே பேசிக் காட்டினாராம். 'ஞங்ஙு ஊநலீங்ங ஐயா' என்று. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கூடவே ஜல்லி உடைத்தவர்கள், தம்பியின் சாவுக்கு வந்து ஒப்பாரி வைத்தவர்கள்கூட அதில் இருந்தார்கள். "பஸ்ஸு வந்துச்சு. நான் ஏறல. அவன் முடிக்கறவரைக்கும் பாத்துட்டுதான் அடுத்த பஸ்ஸுல போனேன்" என்றார். தட்டு பொருந்திய வாயிலிருந்து வந்த சொற்கள் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தன.

சாட்சி சொல்லும் நாளில் நானும் வர வேண்டும் என்றார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தட்டு நழுவினால் சரிசெய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். அவர் கைகட்டி, தலை குனிந்து, சுவரோரமாக நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லை. மொரப்பூர்க்காரம்மா கூண்டில் ஏறியதும் நீதிபதி, "இவங்க பேசறதை யார் சொல்லப் போறாங்க?" என்று கேட்டார். அரசு வக்கீல் வாயைத் திறப்பதற்குள், "நானே சொல்றேனுங்க" என்றார் அவர். மேஸ்திரியின் தலை லேசாக அசைந்தது. நிமிரவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொன்னார். பழகிய சொற்கள்தான், ஆனால் எனக்கு முதல் முறை கேட்பது போலிருந்தது. இடையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவரை அவன் இவன் என்று பேசக்கூடாது என்று ஆட்சேபித்தார். "செரிங்க. அவுரு" என்று திருத்திக்கொண்டார். "அவுரு திரும்பி என்னப் பாத்தாரு. பாத்துட்டுதான் அவுரு துண்ட எறக்கினாரு." மரியாதை விகுதிகளை அவர் அழுத்திய விதத்தில், அவன் என்றே பேசவிட்டிருக்கலாம் என்று அந்த வக்கீலுக்குத் தோன்றியிருக்கும்.

குறுக்கு விசாரணையை அந்த வக்கீல் மொரப்பூர்க்காரம்மாவின் வாயிலிருந்தே தொடங்கினார். வாயில் என்ன வைத்திருக்கிறீர்கள், யார் செய்து கொடுத்தது, பேசுவதற்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள், யார் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் இவை. மொரப்பூர்க்காரம்மா பதற்றப்படவில்லை. வாய்க்குள் விரலை விட்டுத் தட்டைக் கழற்றி, கூண்டின் விளிம்பில் வைத்தார். முகத்தின் இடது பாதி உள்ளே அமுங்கியது. "நம்மி ஞெந்நநு…" என்று ஏதோ நீளமாகச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. மறுபடியும் தட்டை எடுத்துப் பொருத்திக்கொண்டார். "தம்பி செத்ததுல இருந்து நான் ஒரே பேச்சுதாங்க பேசறேன். இது இல்லாதப்பவும் அதேதான் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல, அவ்ளோதான்" என்றார்.

வக்கீல் அதைக் கடந்து அடுத்த கேள்விக்குப் போனார். நீங்கள் நின்ற மேட்டுக்கும் மேஸ்திரி நின்ற இடத்துக்கும் நல்ல தூரம். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். நீங்கள் கத்தியது அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை, சரிதானே.

"கேட்டுதுங்க."

"கேட்டதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் இரண்டு கைகளாலும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு ஒரு நொடி முன்னதாகவே தெரிந்துவிட்டது. அந்த அழுத்தத்துக்காக அந்தத் தட்டு செய்யப்படவில்லை, கொக்கி விலகிவிடும், எல்லோர் முன்னாலும் வெளியே வந்து விழுந்துவிடும் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் கத்தினார்.

"ஆளு இருக்குது, நிறுத்து."

அந்தக் கட்டடம் முழுக்க அது கேட்டது. வராந்தாவில் நின்றவர்கள் கதவருகே ஓடிவந்தார்கள். தட்டு விழவில்லை. அதுவரை சுவரோரம் தரையைப் பார்த்து நின்ற மேஸ்திரி வெடுக்கென்று தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். திரும்பியதும் தான் செய்தது தெரிந்து, மறுபடியும் குனிய முயன்று, முடியாமல் அப்படியே நின்றார். மொரப்பூர்க்காரம்மா விரலை நீட்டி அவரைக் காட்டினார்.

"இப்பிடித்தாங்க அன்னைக்கும் திரும்பிப் பாத்தாரு."

நீதிபதி, சாட்சி கூண்டில் இப்படிக் கத்தக்கூடாது என்று கண்டித்தார். அதைச் சொன்ன குரலில் கண்டிப்பு அதிகம் இல்லை. நான் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் முகம் வெளிறுவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிறைவு வரும் என்று நான் நினைத்ததில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படவும் இல்லை.

தீர்ப்பு வந்தது. மேஸ்திரிக்குத் தண்டனை கிடைத்தது. அவர் மேல்முறையீடு செய்து மறுபடியும் ஜாமீனில் வந்துவிட்டார். இதைக் கேட்டு நான் கொதித்தேன். மொரப்பூர்க்காரம்மா எதிர்பார்த்ததுதான் என்பது போலச் சொன்னார், "அவன் உள்ள இருந்தா என்னப் பாக்க முடியாதுங்களே." அவர் தினமும் காலையில் அந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். "மாஸ்டர், டீ ஒண்ணு, சூடா, சக்கர தூக்கலா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வாராம். சிரித்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டு நலம் விசாரிப்பாராம். யாரும் அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. மேஸ்திரி சில மாதங்களிலேயே அந்தக் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார், பிறகு ஊரையே விட்டுப் போனார். எங்கே போனார் என்று விசாரித்து, இவர் ஒருநாள் அந்த ஊருக்கும் பஸ் ஏறிப் போய், அங்கே டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "அந்தூர்லயும் என் நாக்கு நல்லாப் பேசுதான்னு பாத்துட்டு வந்தேனுங்க" என்றார்.

நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின. ஆறு மாதத்துக்கொரு முறை வருவார், தட்டின் உட்புறம் கொஞ்சம் நிரப்பிக் கொடுப்பேன், களி சாப்பிட முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். போன வருடம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. இன்னொரு அறுவைச் சிகிச்சைக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்முறையீடு இன்னும் நடந்துகொண்டிருந்தது, இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

தை மாதம் தம்பி மனைவி தனியாக வந்தார். அறைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை. பெண்கள் இருவரும் படிப்பதையும், தான் தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதையும் சொன்னார். பிறகு, "குளிப்பாட்டறப்ப ஒருத்தங்க தட்டக் கழட்டப் போனாங்க. நான் வுடலீங்க" என்றார்.

"ஏன்?"

"அண்ணி சொல்லிட்டுப் போனாங்க. தட்டோடதான் பொதைக்கணும்னு."

எதற்கு என்று அவரிடம் கேட்டாயா என்றேன்.

"கேட்டனுங்க. 'அவனும் ஒரு நாள் அங்க வருவானில்ல. வந்து, நான் சங்கு ஊதினேன், யாரும் கத்தலன்னு சொல்லுவான். அப்ப நான் வாயத் தொறக்கணும்'னாங்க." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "அவங்க சொன்னத அப்பிடியே சொல்றேனுங்க டாக்டரம்மா. ஒரு வார்த்த மாத்தல" என்றார்.